நாலடி இடைவெளி

ஜூன் 9, திங்கள்

கோபிநாத் சார் இன்று ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார். எங்கள் கூடைப்பந்துக் கழகத்துக்குக் கோச்சாக வந்த பதினொரு வருடத்தில் அவர் யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை என்று நஸ்ரின் காதைக் கடித்தாள். தினமும் எத்தனை ஷாட் போட்டோம், எத்தனை விழுந்தது, உடம்பு எப்படி, மனசு எப்படி, எல்லாம் எழுத வேண்டுமாம். வாங்கிப் பார்க்க மாட்டாராம்.

மூன்றரை மாதம் கழித்து இன்றுதான் கோர்ட்டுக்குப் போனேன். நின்ற இடத்திலிருந்து நூறு ஷாட். எழுபத்தொன்று விழுந்தது. முழங்கால் வலி இல்லை.

மனசு: தெரியவில்லை.

கோர்ட்டை இப்போது முறை வைத்து நாங்களே பெருக்குகிறோம். முன்பெல்லாம் இருளப்பண்ணன் ஐந்தரைக்கே பெருக்கி, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவியும் வைத்திருப்பார். ஜெசி விழுந்த பிறகு அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி காலையில் ஈரத் தரையில் ஜெசிக்குக் கால் வழுக்கி, போர்டு கம்பத்தின் இரும்பில் பின்மண்டை அடித்தது. மறுநாள் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நானும் அவளும் ஏழு வருடம் ஒரே அணியில் ஆடினோம்.

இதெல்லாம் எதற்கு. ஷாட் கணக்கு போதும்.

ஜூன் 10

நூறில் எழுபத்தாறு. மல்லித் தூள் அரைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 14, சனி

இன்றுதான் எதிரில் ஆள் வைத்து ஆடினோம்.

ஜம்ப் ஷாட்டில் குதிப்பது பெரிய விஷயமில்லை. குதிப்பதற்கு இடம் வேண்டும். எதிரில் நிற்பவள் ஒரு கை தூரத்தில் இருந்தால் பந்து என் தலைக்கு மேலே போவதற்குள் தட்டிவிடுவாள். அவளைப் பின்னால் அனுப்ப வேண்டும், ஆனால் தொடக் கூடாது. வலப்பக்கம் வேகமாக இரண்டு முறை பந்தைத் தட்டி, உள்ளே நுழையப் போகிறேன் என்று அவளை நம்பவைக்க வேண்டும். அதைத் தடுக்க அவள் உடம்பு பின்வாங்கும். அந்த நொடியில் முன்காலை ஊன்றி நான் பின்னால் தாவிவிட வேண்டும். ஸ்டெப் பேக். அவள் அங்கே, நான் இங்கே. நடுவில் கிடைக்கிற இடத்தில் நிதானமாகக் குதிக்கலாம். எங்கள் அணியில் என் பெயரை வைத்து இதை ‘வினோ ஸ்டெப்’ என்றுதான் சொல்வார்கள்.

நஸ்ரின் எதிரில் நின்றாள். இருபது முறை செய்தேன். மூன்றுதான் விழுந்தது. பின்னால் தாவிக் குதிக்கிற ஒவ்வொரு முறையும் கழுத்துக்குக் கீழே அவள் மூச்சு படுகிறது. வயிற்றுக்குப் பக்கத்தில் கை இருக்கிறது. அவசரப்பட்டு விட்டுவிடுகிறேன், பந்து வளையத்துக்கு முன்னாலேயே விழுகிறது. கடைசியில் கோபம் வந்து, ஏன்டி இப்படி மேலேயே விழுகிறாய் என்று அவளைத் திட்டிவிட்டேன். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்த போனை எடுத்துவந்து வீடியோவைக் காட்டினாள்.

“நாலடி இருக்குக்கா. நின்னு ஒரு டீயைக் குடிச்சிட்டே போடலாம்.”

பார்த்தேன். நாலடி இருக்கிறது. அதற்கு மேலேயும் இருக்கும்.

கிராம்பு மெல்லுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

ஜூன் 15

ஜெசிதான் கிராம்பு மென்றுகொண்டே ஆடுவாள். பல்வலிக்கு ஆரம்பித்தது, பிறகு விடவேயில்லை.

இன்று பயிற்சி இல்லை. துணி துவைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

நான் வேலை பார்ப்பது பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள கண்ணாடிக் கடையில். பவர் சீட்டு வாங்கி எழுதுவது, பிரேம் எடுத்துக் காட்டுவது, பில் போடுவது. இன்று மத்தியானம் ஜெசியின் அக்கா அமலி வந்தார். கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிறார். நீண்ட விடுப்பில் வந்திருக்கிறாராம். அவர்கள் அம்மாவுக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சீட்டைக் கொடுத்தார். ஜூலை இரண்டாம் வாரம் வரும் என்று சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டாய் என்று மட்டும் சொன்னார்.

பில்லில் தேதியைத் தப்பாக எழுதி, அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். காலையில் சாப்பிடவில்லை, அதனால்தான்.

வீட்டில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை. நானும் அம்மாவும் மூன்று தெரு தள்ளிப்போய்ப் பிடித்து வருகிறோம். இந்த வருடம் பிப்ரவரியிலேயே இப்படித்தான். கோர்ட்டில் இருக்கும் தொட்டியில்கூட அப்போது

(இந்தப் பக்கத்தில் பாதியைக் கிழித்துவிட்டேன். மை கொட்டிவிட்டது.)

ஜூன் 27

ஆகஸ்ட் பத்தாம் தேதி தேர்வு. ஒரு அரசுத் துறையின் பெண்கள் அணிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். எங்கள் கழகத்திலிருந்து ஒரே ஒரு பெயரைத்தான் அனுப்ப முடியும். கோபிநாத் சார் என் பெயரைக் கொடுத்துவிட்டார். எடுத்துவிட்டால் நிரந்தர வேலை. அப்பா சந்தோஷத்தில் வீட்டுக்குக் கோழி வாங்கி வந்தார்.

சார் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இடத்தை நன்றாகத்தான் உண்டாக்குகிறாய், உண்டாக்கிய இடத்தை நம்ப மாட்டேன் என்கிறாய் என்றார். யாரோ விரட்டுகிற மாதிரி போடுகிறாயாம். ஜெசி நினைப்பு வருகிறதா என்று கேட்டார். எல்லாருக்கும்தானே சார் வரும் என்றேன்.

பிப்ரவரியில் எங்கள் இரண்டு பேர் பெயரும்தான் இருந்தது. அது பேச்சாகத்தான் இருந்தது, முடிவாகவில்லை.

ஜூலை 2, புதன்

காலை ஆறு மணிக்குத் தனியாகப் போனேன். ஆள் இல்லாமல் ஸ்டெப் பேக் செய்து பார்க்கலாம், யாருமே எதிரில் இல்லாவிட்டால் மூச்சு படாது அல்லவா என்று நினைத்தேன்.

நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. பின்பக்கம் பள்ளி மைதானத்தில் யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் வலப்பக்கம் இரண்டு தட்டு தட்டி, காலை ஊன்றிப் பின்னால் தாவினேன். என் ஷூ தரையில் தேய்ந்த சத்தம் கேட்டது. ஒரு நொடி கழித்து இன்னொரு ஷூ தேய்ந்தது. என்னைத் தொடர்ந்து வருகிற மாதிரி, ஏமாறாமல்.

பந்து போர்டில்கூடப் படவில்லை.

பத்து முறை செய்தேன். பத்து முறையும் இரண்டு சத்தம். எதிரொலியாக இருக்கும். பக்கத்தில் புதிதாகச் சுவர் எழுப்புகிறார்கள்.

பதினொன்றாவது முறை செய்யவில்லை. வீட்டுக்கு வந்து இட்லிக்கு ஊறவைத்தேன்.

ஜூலை 6

இப்போதெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் பையை வைத்துவிடுகிறேன். கூட்டமாக இருந்தாலும் எடுப்பதில்லை. நேற்று ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். கடையில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். முதலாளி, கண்ணாடி காட்டும்போது ஆளுக்கு ஒரு மைல் தள்ளி நிற்கிறாயே, கொரோனா போய்விட்டதம்மா என்று கிண்டல் செய்தார்.

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடை அரை நாள்தான். பூட்டப் போகிற நேரத்தில் அமலி அக்கா கண்ணாடி வாங்க வந்தார். முதலாளி போய்விட்டிருந்தார். கண்ணாடியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று இன்னொரு முறை சொல் என்றார். எல்லாரிடமும் சொன்னதைத்தான் சொன்னேன். காலையில் நானும் ஜெசியும் மட்டும் ஆடிக்கொண்டிருந்தோம். தரை கழுவி ஈரமாக இருந்தது. அவள் பின்னால் போகும்போது வழுக்கிவிட்டது.

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஜெசி உடுப்பை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்களாம். இத்தனை மாதம் அதைத் திறக்க யாருக்கும் மனசு வரவில்லை. போன வாரம்தான் இவர் திறந்திருக்கிறார்.

“பனியன் முதுகு பூரா தூசி, வினோ. காஞ்ச தூசி. உதறுனா பறக்குது. ஈரத்துல விழுந்திருந்தா சேறா ஒட்டிக் காஞ்சிருக்கணும்.”

நான் பில் புத்தகத்தை மூடி உள்ளே வைத்தேன்.

போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் இப்போதுதான் கைக்கு வந்ததாம். மண்டைக்குள் ரத்தம் கட்டியது எல்லாம் தெரிந்த விஷயம். ஆனால் நெஞ்செலும்புக்கு மேலே குறுக்காக ஒரு கன்றிய தடம் என்று எழுதியிருக்கிறதாம். வழுக்கி மல்லாந்து விழுகிறவளுக்கு முன்பக்கம் எப்படி அடிபடும் என்று கேட்டார். நான், ஆட்டத்தில் அங்கே இங்கே இடிபடும் அக்கா என்றேன். அது உண்மையும்கூட.

சரி என்று எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி, இருளப்பன் ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி தங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறார் என்று சொன்னார். அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விடுகிறாராம். அவர்கள் அம்மா கதவைத் திறப்பதே இல்லையாம்.

“புதன்கிழமை காலையில கோர்ட்டுக்கு வரேன். எப்படி விழுந்தான்னு எனக்கு நீ நின்னு காட்டணும்.”

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 14

பயிற்சிக்குப் போகவில்லை. காய்ச்சல் மாதிரி இருந்தது. தெர்மாமீட்டரில் ஒன்றும் இல்லை.

ஜூலை 16, புதன்

எழுதிவிடுகிறேன். இதை எழுதாமல் இந்த நோட்டில் இனிமேல் ஒரு கணக்கும் எழுத முடியாது.

ஆறரைக்கு அமலி அக்கா வந்தார். செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். அவர் பந்தே தொட்டதில்லை. ஜெசி எங்கே நின்றாள் என்று கேட்டார். வளையத்துக்கு வலப்பக்கம், கம்பத்தை ஒட்டினாற்போல, கோட்டுக்கு ஒரு எட்டு உள்ளே. காட்டினேன். அங்கே போய் நின்றார். அவள் எப்படி நிற்பாள் என்று கேட்டார். முழங்காலை மடக்கி, ஒரு கை மேலே, ஒரு கை பந்துக்கு நேரே என்று சொன்னேன். அப்படியே நின்றார். சொல்லிக் கொடுக்காமலே தலையை லேசாக வலப்பக்கம் சாய்த்தார். ஜெசி அப்படித்தான் சாய்ப்பாள்.

“செய்யி.”

பந்தை இரண்டு முறை தட்டி வலப்பக்கம் போனேன். முன்காலை ஊன்றினேன். அதற்கு மேல் கால் நகரவில்லை. பந்து உருண்டு வேலி வரை போய்விட்டது. இங்கேதான் என்றேன். இங்கேதான் என்ன என்று கேட்டார்.

“இங்கதான்க்கா அவ பின்வாங்கல.”

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

முதல் நாள் சாயங்காலம் சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஒரு பெயர்தான் அனுப்ப முடியும், இன்னும் பத்து நாளில் முடிவு செய்வேன் என்று சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் ஜெசிதான் ஒற்றைக்கு ஒற்றை ஆடலாம் என்றாள். பதினொரு பாயின்ட். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு இல்லை. அவள் ஒன்பது, நான் எட்டு. நான் ஸ்டெப் பேக் போட்டேன். ஏழு வருடமாக அதைப் பார்க்கிறவள் அவள். உள்ளே நுழைகிற மாதிரி நான் காட்டியதை அவள் நம்பவேயில்லை. ஒரு அங்குலம் பின்னால் போகவில்லை. என் நெஞ்சுக்கு நேரே நின்றுகொண்டு, கிராம்பை மென்றுகொண்டு சிரித்தாள். எனக்கு இடமே இல்லை. இடது முன்கையை அவள் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன்.

“ஆட்ட வேகத்துலயா?”

“இல்லக்கா. தெரிஞ்சுதான். பலமாத்தான் தள்ளினேன்.”

தள்ளியதும் நிறைய இடம் கிடைத்தது. குதித்தேன். பந்து உள்ளே விழுந்தது. பந்து விழுந்ததைத்தான் முதலில் பார்த்தேன். இரும்பில் தலை மோதிய சத்தம் காதில் விழுந்தும் நான் வளையத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெசி எழுந்துவிட்டாள். பின்மண்டையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். “ஃபவுல்டி. என் பந்து” என்றாள். நான் இல்லை என்றேன். நீயாகத்தான் விழுந்தாய் என்றேன். இரண்டு முறை ஃபவுல் என்றாள், இரண்டு முறையும் நான் இல்லை என்றேன். சரி வைத்துக்கொள் என்று விட்டுக் கொடுத்துவிட்டாள். மேற்கொண்டு ஆடினோம். பதினொன்றுக்கு ஒன்பது, நான் ஜெயித்தேன். அவள் உட்கார்ந்து தலை வலிக்கிறது என்றாள். தண்ணீர் குடி, வெயில் என்றேன். அவளாகவே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

விழுந்த பிறகு எவ்வளவு நேரம் ஆடினீர்கள் என்று அக்கா கேட்டார். பத்து நிமிஷம் இருக்கும் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு எதையோ கணக்குப் போட்டது. தலையில் அடிபட்டவர்களுக்கு முதலில் ஒன்றும் தெரியாது, நன்றாகத்தான் பேசுவார்கள், அந்த நேரத்தில் கொண்டுவந்துவிட்டால் பிழைக்க வைக்கலாம் என்று சொன்னார். அவர் வார்டில் அப்படிப் பிழைத்தவர்கள் இருக்கிறார்களாம். இதை என்னைத் திட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தரை?

அவர் கேட்காமலேயே சொன்னேன். தரை காய்ந்துதான் கிடந்தது. அந்த வாரம் தொட்டியில் தண்ணீரே இல்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எப்படி விழுந்தாள் என்று யாரோ கேட்டார்கள். என் வாய் ஈரம் என்று சொல்லிவிட்டது. பிறகு கழகத்துச் செயலாளர் கேட்டார், போலீஸ்காரர் கேட்டார். அதற்குள் அது நடந்த விஷயம் மாதிரியே ஆகிவிட்டது.

அமலி அக்கா என்னை அடிக்கவில்லை. அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் பக்கத்தில் போய் நின்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு, “அம்மாகிட்ட நீ வந்து சொல்லு. நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

ஜூலை 17

அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இன்று வீட்டில் யாரும் சமைக்கவில்லை.

ஜூலை 19, சனி

ஜெசி வீட்டுக்குப் போனேன். அவள் இருந்தபோது வாரத்தில் நான்கு நாள் அங்கேதான் சாப்பாடு. அவள் அம்மா புதுக் கண்ணாடியோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வா வினோ, காபி போடவா என்றார். வேண்டாம் அம்மா என்று தரையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். அமலி அக்கா உள் வாசற்படியில் நின்றார்.

முடிக்கிற வரை அவள் அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. நான் அழவில்லை. அழ எனக்கு உரிமை இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன்.

முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அன்னிக்கு மத்தியானம் ஒரு மணிக்கு நான் உனக்குப் போன் பண்ணேன். புள்ள வாந்தி எடுக்குது, வெளியில எதுவும் தின்னுச்சான்னு கேட்டேன். அப்ப உனக்கு அடிபட்டது தெரியும்ல?”

இதை நான் அமலி அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை. கடையில் நின்றுகொண்டு அந்தப் போனைப் பேசினேன். தலையில் அடிபட்டது என்று சொன்னால் எப்படி என்று கேட்பார்கள். எப்படி என்று கேட்டால் தள்ளியதைச் சொல்ல வேண்டும். சார் காதுக்குப் போகும். ஒன்றும் சாப்பிடவில்லை அம்மா, வெயிலாக இருக்கும், எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுங்கள் என்று சொன்னேன். அவர் அப்படியே செய்தார். நாலரை மணிக்குத்தான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

“தெரியும்மா” என்றேன்.

கையிலிருந்த கீரைத் தண்டைத் தட்டில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தெருவில் ஒரு தண்ணி வண்டி வந்து, நின்று, போய்விட்டது.

இனிமேல் இந்த வீட்டுக்கு வராதே என்றார். சத்தம் போடவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். நான் திரும்பினேன். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அஞ்சு மாசமா அந்த மனுசன் வாசல்ல வந்து நிக்கிறான். நான் மூஞ்சியக்கூடப் பாக்கல. அவன்கிட்டப் போயிச் சொல்லு.”

ஜூலை 20

அமலி அக்காவிடமிருந்து செய்தி. இருளப்பன் இன்றும் வந்தாராம். அம்மா கேட்டைத் திறந்திருக்கிறார். ஆனால் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லையாம். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாராம். அவர் சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே நின்றுவிட்டுப் போனாராம். வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை பார்க்கிறாராம். மண்டபத்தின் பெயரை அனுப்பியிருந்தார். மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

நடந்ததையெல்லாம் எழுதி, காலையில் கழகத்தில் கடிதம் கொடுத்தேன். கோபிநாத் சார் படித்தார். இன்னொரு முறை படித்தார். ஆகஸ்ட் பத்து வரை பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். பிறகு அவரே, இல்லை, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றார். முதல் நாள் சாயங்காலம் உங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்கவைத்து அப்படிச் சொன்னது நான்தானே என்றார். அவர் பங்கு அவருக்கு. என் பங்கு குறையாது.

செயலாளர், கழகத்துப் பெயர் கெடும், போனது போகட்டும் என்று பேசினார். இருளப்பண்ணனை நிறுத்தியது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அதை மட்டும் கேட்கிறேன் என்றேன். கமிட்டியில் வைத்துச் சொல்கிறேன் என்றார்.

மத்தியானம் போலீஸ் ஸ்டேஷன். அப்பா, நீ தனியாகப் போகக் கூடாது என்று வேட்டி மாற்றிக்கொண்டு கூட வந்தார். ஆய்வாளர் முதலில் நம்பவில்லை. யாராவது மிரட்டினார்களா என்று அப்பாவையே சந்தேகமாகப் பார்த்தார். பிறகு உட்காரவைத்து முழுதும் எழுதி வாங்கினார். விளையாட்டில் நடந்தது, என்ன பிரிவில் வரும் என்று மேலே கேட்க வேண்டும், கூப்பிடும்போது வர வேண்டும், ஊரைவிட்டுப் போகாதே என்றார். கையெழுத்துக்குக் கீழே தேதியைச் சரியாக எழுதினேன்.

இருளப்பண்ணனிடம் இன்னும் போகவில்லை.

ஜூலை 25

போகவில்லை. கடையில் ஸ்டாக் எடுக்கிற வேலை.

ஜூலை 28

தேர்வுக்கு நஸ்ரின் பெயரை அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று சொன்னாள். உள்ளே வரவில்லை. ஸ்டெப் பேக்கில் கால் எங்கே ஊன்ற வேண்டும் என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். எதிரில் இருப்பவள் ஏமாறவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டாள். பந்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்றேன்.

மண்டபத்துக்குப் போகவில்லை. ஏன் என்று இன்று எழுதிவிடுகிறேன். ஜெசி அம்மாவிடம் சொன்னபோதுகூட ஜெசிக்கு நான் வேண்டியவள் என்ற ஒன்று எனக்கு இருந்தது. இந்த மனுஷரிடம் எனக்கு அதுவும் இல்லை. பந்து எடுத்துப் போட்டார், வளையத்துக்கு வலை கட்டினார், தீபாவளிக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு சட்டை எடுத்துக் கொடுப்போம். வாய்க்கு வந்ததும் எடுத்து அவர் தலையில் வைத்தேன். அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பத்து மணி பஸ்ஸில் போனேன். மண்டபத்தில் காலை முகூர்த்தம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மேனேஜரிடம் இருளப்பன் என்று கேட்டேன். பின்பக்கம் நாற்காலி அடுக்குகிறார் என்றார். நல்ல ஆள், எல்லா வேலையும் செய்வார், தரையைக் கழுவச் சொன்னால் மட்டும் செய்ய மாட்டார், ஹோஸ் பைப்பைக் கையில் வாங்கவே மாட்டார் என்று அவராகவே சொன்னார். அந்த வேலைக்கு வேறு ஆள் வைத்திருக்கிறார்களாம்.

இருளப்பண்ணன் முடி முழுக்க நரைத்துப்போயிருந்தார். என்னைப் பார்த்ததும் அடுக்கிக்கொண்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். வா தாயி, சாப்பிட்டியா, பந்தி இருக்கு என்றார். அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும் என்றேன். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

தரை காய்ந்திருந்தது என்று சொன்னேன். நான்தான் தள்ளினேன், நான்தான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். கழகத்திலும் போலீஸிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன். கோபப்படுவார், துப்புவார் என்று நினைத்தேன். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ தூரத்தில் இருப்பதைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

“தண்ணி ஊத்தலையா?”

“இல்லண்ணே. தொட்டியிலயே அந்த வாரம் தண்ணி இல்ல.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். கமிட்டியில் முதலில் ஊற்றவில்லை என்றுதான் சொன்னாராம். யாரும் கேட்கவில்லையாம். அத்தனை பேரும் ஈரம் ஈரம் என்று சொல்லச் சொல்ல, நாம் மறந்துபோய் ஊற்றியிருப்போமோ என்று தோன்ற ஆரம்பித்ததாம்.

“அப்புறம் கண்ண மூடுனா வாளியத் தூக்கிட்டுப் போறது தெரியுது தாயி. ஊத்துறது தெரியுது. கோட்டுல தண்ணி ஓடுறதுகூடத் தெரியுது. நான்தான் அந்தப் புள்ளயக் கொன்னுட்டேன்னு…”

முடிக்கவில்லை. கையால் முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டார்.

ஒரு வாளிகூட ஊற்றவில்லையா என்று கேட்டார். ஒரு சொட்டுக்கூட இல்லை அண்ணே என்றேன். நல்லாத் தெரியுமா என்றார். அவள் முதுகில் காய்ந்த தூசிதான் இருந்தது, அவள் அக்கா பார்த்திருக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் சொன்னேன். என்னை அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏன் சொன்னாய், எப்படி மனசு வந்தது, ஒன்றும் இல்லை. தண்ணீரைப் பற்றி மட்டும்தான் கேட்டார்.

பிறகு எழுந்து சமையற்கட்டுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

“ஏ பேச்சி, செத்த இங்க வா. இந்தப் புள்ள சொல்றதக் கேளு.”

அவர் மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார். யார் என்ன என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார். சொல்லு தாயி, எங்கிட்டச் சொன்னத அப்படியே சொல்லு என்றார் இருளப்பண்ணன். குரல் அவசரப்பட்டது. அந்த அம்மா கேட்டு முடிக்கிறவரைக்கும் அது நிஜம் ஆகாது என்கிற மாதிரி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

நான் எழுந்து நின்று, முதலிலிருந்து சொன்னேன்.